வளர்ச்சி உயிரியல் ஆய்வகத்தில் யாருக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: முதுகலை முடிக்கப்போகும் ஒருவர், கரு வளரும்போது செல்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராயும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிஎச்டி சேர நினைக்கிறார். அந்த ஆய்வகத்தின் உறுப்பினர் பட்டியலில் 15 பேர். ஒரு பேராசிரியர், மூன்று போஸ்ட்டாக், ஐந்து பிஎச்டி மாணவர்கள், ஒரு லேப் மேனேஜர், இரண்டு டெக்னீஷியன், மூன்று இளங்கலை மாணவர்கள். கீழே ‘முன்னாள் உறுப்பினர்கள்’ என்று நீளமாக இன்னொரு வரிசை. “இத்தனை பேரும் என்னதான் செய்கிறார்கள்? நான் போனால் யாரிடம் வேலை கற்றுக்கொள்வேன்? பேராசிரியர் பெரிய ஆள் என்றால் போதாதா?” என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது. பிஎச்டி மாணவராக, போஸ்ட்டாக்காக, இப்போது பணியாளராக இந்த மாதிரி ஆய்வகங்களிலேயே என் காலம் ஓடியிருக்கிறது. நான் பார்த்தவரை, ஒரு மாணவரின் பிஎச்டி ஒழுங்காகப் போகுமா இழுபடுமா என்பது பட்டியலின் முதல் பெயரைவிட நடுவில் இருக்கும் பெயர்களைப் பொறுத்துத்தான் அதிகம் அமைகிறது. அது ஏன் என்று சொல்ல, அங்கே ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த உயிரியை வைத்து வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். வேறு பல ஆய்வகங்களில் சோதனையை நமக்குத் தோதான நேரத்தில் ஆரம்பிக்கலாம். இங்கே நேரம் குறிப்பது கரு. மனிதர்கள் அதன் பின்னால் ஓட வேண்டியதுதான்.

வரிக்குதிரை மீனை எடுத்துக்கொள்வோம். முந்தின நாள் சாயங்காலமே ஒரு சின்னத் தொட்டியில் ஆணையும் பெண்ணையும் விட்டு, நடுவில் தடுப்பு போட்டுவிடுவார்கள். மீன் அறையில் 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு என்பது வழக்கம். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் முட்டையிட ஆரம்பிக்கும். கருவுற்ற முட்டை ஒரே செல்லாக இருப்பது ஏறக்குறைய 45 நிமிடம். அப்புறம் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும். கிரிஸ்பர் கலவையைச் செலுத்தி ஒரு மரபணுவை வெட்ட வேண்டும் என்றால், பெரும்பாலும் அந்த முதல் முக்கால் மணி நேரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். ஜெல்லி போல உறைந்த அகரோஸ் தட்டில் வாய்க்கால் போல இழுத்த பள்ளங்களில் முட்டைகளை வரிசையாக உட்கார வைப்பார்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்துச் செய்த ஊசியின் நுனியை இடுக்கியால் லேசாகக் கிள்ளுவார்கள். பிறகு ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு நானோலிட்டர் அளவுக்குக் கலவை போகும். கலவையில் ஃபீனால் ரெட் சாயம் சேர்த்திருப்பதால் உள்ளே போனது சிவப்புப் புள்ளியாகத் தெரியும். கை பழகியவர் ஒரு காலைப் பொழுதில் சில நூறு முட்டைகளைப் பார்த்துவிடுவார். அந்த நேரத்தில் பேராசிரியரே பின்னால் வந்து நின்றாலும் அவர் தலை நிமிராது, நிமிரவும் கூடாது. 28.5 டிகிரியில் வைத்திருந்தால் மறுநாளே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். எனவே அடுத்த நாள் காலையும் அவர் வந்தாக வேண்டும்.

பழ ஈ ஆய்வகம் என்றால் கதை வேறு. 25 டிகிரியில் முட்டை ஈயாக மாற 10 நாள்தான். ஆனால் இனக்கலப்புச் செய்ய இணைசேராத பெண் ஈக்கள் வேண்டும். கூட்டை விட்டு வெளியே வந்த பெண் ஈ இன்னும் இணைசேரவில்லை என்று அந்த வெப்பநிலையில் சுமார் 8 மணி நேரம்தான் நம்பலாம். அதனால் காலையில் வந்ததும் ஒருமுறை, கிளம்புவதற்கு முன் ஒருமுறை குப்பிகளைக் காலி செய்து, கார்பன் டை ஆக்சைடு கசியும் தட்டில் ஈக்களை மயங்க வைத்து, மெல்லிய தூரிகையால் தள்ளித் தள்ளிப் பிரிப்பார்கள். புதிதாக வந்த ஈ வெளிறிப்போய் இருக்கும், வயிற்றுப் பக்கம் கருப்பாக ஒரு புள்ளி தெரியும். அதைப் பார்த்துப் பொறுக்குவது முதல் வாரத்தில் கண்ணைக் கட்டும், மூன்றாம் வாரத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யலாம். எலி ஆய்வகத்தில் காலையில் பெட்டி பெட்டியாகத் திறந்து இரவில் இணைசேர்ந்த அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடையாளம் தெரிந்த நாளின் நண்பகலைக் கருவின் அரை நாள் வயது என்று குறித்துக்கொள்வார்கள். கோழிக்கரு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். முட்டையை எப்போது இன்குபேட்டரில் வைப்பது என்பது அவர்கள் கையில் இருக்கிறது, 1951-ல் ஹாம்பர்கரும் ஹாமில்டனும் வகுத்த கோழிக்கரு வளர்ச்சியின் 46 படிநிலைகளை வைத்துத் திட்டமிட்டுக்கொள்ளலாம்.

இப்போது ஆட்களுக்கு வருவோம். பட்டியலின் உச்சியில் இருப்பவரை ஆய்வகத்தில் எல்லோரும் ‘பிஐ’ என்பார்கள், முதன்மை ஆய்வாளர். அவர் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். நிதி விண்ணப்பம் எழுதுவது, வகுப்பு எடுப்பது, துறைக் கூட்டங்கள், பரிந்துரைக் கடிதங்கள், மாணவர்களின் கட்டுரை வரைவுகளைத் திருத்துவது, பிறர் கட்டுரைகளை மதிப்பிடுவது என்று நாள் போய்விடும். போஸ்ட்டாக்கின் சம்பளமும் பெரும்பாலும் அவர் கொண்டுவரும் நிதியிலிருந்துதான். அது தீர்ந்தால் ஆள் போக வேண்டியிருக்கும் என்ற கவலை எப்போதும் அவருக்குப் பின்மண்டையில் ஓடும். இதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மாணவர் ஒரு படத்தைக் காட்டும்போது, வரைபடத்துக்குத் தாவாமல் மூலப் படத்தையே பெரிதாக்கிப் பார்க்கக் கேட்கிறாரா? கருவளர்ச்சி உயிரியலில் பாதி அறிவு கண்ணில் இருக்கிறது. எண்ணை மட்டும் கேட்கும் பிஐயிடம் அந்தப் பாதியைக் கற்க முடியாது.

போஸ்ட்டாக் என்பவர் பிஎச்டி முடித்து, இன்னும் சொந்த ஆய்வகம் இல்லாதவர். நிதர்சனத்தில் உங்களுக்குத் தினசரி ஆசிரியர் அவர்தான். எந்த ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதை அடையாளம் காட்டுவது) எந்தக் கருவில் வேலை செய்யாது, திசுவை எவ்வளவு நேரம் ஃபிக்ஸ் செய்தால், அதாவது வேதிப்பொருளில் பதப்படுத்தினால், சாயம் உள்ளே போகாமல் நின்றுவிடும், கான்ஃபோக்கல் எனும் லேசர் நுண்ணோக்கியில் லேசரை எவ்வளவு ஏற்றினால் கரு வெந்துபோகும் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. அவர் நிலைமையும் இக்கட்டானது. இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் இருப்பார், அடுத்த வேலைக்கு ஒரு நல்ல கட்டுரை வேண்டும், அதற்கு நடுவில் உங்களுக்கும் சொல்லித்தர வேண்டும். நல்ல மனசுக்காரராக இருந்தாலும் கெடு நெருங்கினால் பேச நேரம் இருக்காது. பட்டியலில் மூன்று போஸ்ட்டாக் என்றால் நல்லது. ஒருவர் கிளம்பினாலும் சொல்லித்தர இன்னும் இருவர் இருப்பார்கள்.

பிஎச்டி மாணவர்கள்தான் இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் பலவற்றைக் கையால் செய்தவர்கள். இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்பேமனிடம் மாணவியாகச் சேர்ந்தார் ஹில்ட மாங்கோல்ட். முதலில் கொடுத்த ஹைட்ரா வேலை கைகூடவில்லை. அடுத்துக் கொடுத்தது, நியூட் (பல்லி போலத் தோன்றும் நீர்நில உயிரி) கருவின் ஒரு சிறு திசுத் துண்டை வேறு இன நியூட் கருவுக்குள் ஒட்டவைக்கும் வேலை. ஒன்றின் செல்கள் வெளிர் நிறம், மற்றதன் செல்கள் கரும் நிறம், அதனால் எது யாருடையது என்று பிரித்தறியலாம். கண்ணாடி ஊசியும் கண்ணி போல வளைத்த குழந்தையின் தலைமுடியும்தான் கருவிகள். ஆன்டிபயாடிக் இல்லாத காலம். அறுவை முடிந்தும் கருக்கள் கிருமித் தொற்றில் செத்துக்கொண்டே இருந்தன, கடைசிவரை தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் இரண்டாவதாக ஓர் உடல் அச்சே உருவாகியிருந்தது, அதில் பெரும்பகுதி ஒட்டவைத்த துண்டிலிருந்து வராமல் ஏற்றுக்கொண்ட கருவின் செல்களிலிருந்து வந்திருந்தது. ஒரு துண்டு திசு பக்கத்துச் செல்களுக்கு ‘நீ முதுகாகு, நீ நரம்பாகு’ என்று கட்டளையிட முடியும் என்பதற்கு அதுவே சான்று. கட்டுரை 1924-ல் வந்தது, ஸ்பேமன் பெயர் முதலில். அதே வருடம் செப்டம்பரில் வீட்டில் நேர்ந்த தீ விபத்தில் ஹில்ட மாங்கோல்ட் இறந்தார், வயது 25. 1935-ல் நோபல் பரிசு ஸ்பேமனுக்கு.

இன்றைக்குப் பெயர் வரிசைக்கு ஓரளவு ஒழுங்கு வந்திருக்கிறது. இந்தத் துறையில் வேலையின் பெரும்பங்கைச் செய்தவர் பெயர் முதலில், ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியில். நடுவில் வருபவர்கள் ஒரு படத்துக்கோ ஒரு கணிப்புக்கோ உதவியவர்கள். இருவர் சமமாக உழைத்திருந்தால் இரண்டு பெயருக்கும் நட்சத்திரம் போட்டுக் குறிப்பார்கள். யாருக்கு முதல் இடம் என்பதில் ஆய்வகத்துக்குள் சண்டை வருவதுண்டு, நட்பு முறிந்ததையும் பார்த்திருக்கிறேன். வேலை தொடங்கும்போதே இதைப் பேசித் தெளிவாக்கும் ஆய்வகம் கிடைத்தால் விடாதீர்கள்.

யோசனையும் மேலிருந்துதான் வரும் என்றில்லை. தோல் செல்லை மூலச்செல்லாக மாற்றும் வேலையில் ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாகாவின் குழு 24 மரபணுக்களைத் தேர்ந்து வைத்திருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகச் செலுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கலாம் என்று சொன்னவர் கசுதோஷி தகஹாஷி, முன்பு அவரிடமே மாணவராகச் சேர்ந்தவர். கடைசியில் நான்கு மரபணுக்கள் மிஞ்சின. 2006 கட்டுரையில் தகஹாஷிதான் முதல் பெயர். குறுகிய காலப் பயிற்சிக்கு வந்து ஆய்வகம் ஆய்வகமாகச் சுற்றும் புதிய மாணவர்களையும் சும்மா நினைக்கக் கூடாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் சால்ஃபியின் ஆய்வகத்துக்கு அப்படி வந்த கியா யூஸ்கர்ஷென்தான் ஜெல்லிமீனின் பச்சை ஒளிர் புரதத்தைப் பாக்டீரியாவில் முதலில் ஒளிரவைத்தவர். சால்ஃபியின் ஆய்வகத்து மைக்ராஸ்கோப் அதற்குப் போதவில்லை, யூஸ்கர்ஷென் தான் முன்பு வேலை பார்த்த ஆய்வகத்தின் நல்ல மைக்ராஸ்கோப்பில் போய்ப் பார்த்தார். இன்றைக்குக் கருவில் செல் ஒன்று நகர்வதை நேரடியாகப் பார்க்கும் பெரும்பாலான ஆய்வகங்களும் அந்தப் புரதத்தையோ அதன் உறவுகளையோ நம்பி இருப்பவைதான்.

சரி, பட்டியலில் எல்லோரும் தாண்டிப்போகும் இடத்துக்கு வருகிறேன்: லேப் மேனேஜர், டெக்னீஷியன், மீன் அறை ஊழியர், ஈ உணவு சமைப்பவர்.

ஈக்களுக்கான உணவு மக்காச்சோள மாவு, ஈஸ்ட், சர்க்கரை, அகார் எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவது. பூஞ்சை வராமல் இருக்க ஒரு மருந்தும் கலப்பார்கள். சூடு சரியாக ஆறுவதற்குள் கலந்தால் மருந்து வீரியம் கெடும், ஆறிப்போய்க் கலந்தால் கட்டி தட்டும். சமைப்பவர் மாறிய வாரத்தில் ஈக்கள் சரியாக முட்டையிடாமல், நான்கு மாணவர்கள் தங்கள் சோதனையில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்வது ஈ ஆய்வகங்களில் நடக்கக்கூடியதுதான். அதோடு ஈக்களை உறையவைத்துப் பாதுகாப்பது இன்னும் பரவலான வழக்கமாகவில்லை. ஆகவே ஒவ்வொரு ஸ்டாக்கையும், அதாவது ஒவ்வொரு மரபுவழி ஈக்களையும், உயிரோடு வைத்திருக்க, சில வாரங்களுக்கு ஒருமுறை பழைய குப்பியிலிருந்து புதிய குப்பிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய ஆய்வகத்தில் ஸ்டாக்குகள் ஆயிரத்தைத் தாண்டும். யாராவது ஒருவர் அதைச் சலிக்காமல் செய்கிறார் என்பதால்தான் பத்து வருடத்துக்கு முந்தைய மாணவர் உருவாக்கிய ஈ இன்றும் உங்களுக்குக் கிடைக்கிறது. மீனிலும் இதே கதை. தண்ணீரின் உப்பும் அமிலத்தன்மையும் பார்ப்பது, குஞ்சுகளுக்குத் தீனியாக ஆர்ட்டீமியா என்ற சின்ன இறால் வகையைப் பொரிக்கவைத்துக் கொடுப்பது, எந்தத் தொட்டியில் எந்த மரபுவழி என்று லேபிள் ஒட்டுவது என எல்லாம் விடுமுறை நாளிலும் நடக்கும்.

இவர்களில் சிலர் வரலாற்றிலேயே இருக்கிறார்கள், தேடிப் பார்த்தால் தெரியும். கால்வின் பிரிட்ஜஸ், கொலம்பியாவில் தாமஸ் மார்கனின் ஈ அறையில் குப்பி கழுவச் சேர்ந்த இளங்கலை மாணவர். கழுவப்போன குப்பியின் தடித்த கண்ணாடி வழியாகவே கண் நிறம் மாறிய ஓர் ஈயைக் கண்டுபிடித்தார். பின்னாளில் மரபணுக்கள் குரோமோசோமில் இருக்கின்றன என்பதற்கு அவர் தந்த சான்றுதான் 1916-ல் ‘ஜெனட்டிக்ஸ்’ இதழின் முதல் இதழில் முதல் கட்டுரை. ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஈக் கருவின் உடல் அமைப்பைக் கெடுக்கும் மரபணுக்களைத் தேடிய பெரிய வேட்டையின் விவரக் கட்டுரை 1984-ல் வந்தபோது, அவர்களோடு மூன்றாவது பெயராக ஹில்டகார்ட் க்ளூடிங் இருந்தார், டெக்னீஷியன். ஓரிகான் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் வரிக்குதிரை மீனை ஆய்வுக்குக் கொண்டுவந்த 1981 கட்டுரையில் அவரை அடுத்து வரும் பெயர் சார்லின் வாக்கர். 1984-ல் ஸ்ட்ரைசிங்கர் திடீரென இறந்தார். மீன்களும் அவற்றை வளர்க்கும் கைப்பழக்கமும் அங்கிருந்த மற்றவர்களிடம் இருந்ததால்தான் அந்த வேலை அவரோடு நின்றுபோகவில்லை.

லேப் மேனேஜர் இல்லாத ஆய்வகத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். ஃப்ரீசரைத் திறந்தால் யாருடையது என்று தெரியாத குழாய்கள், தேதி அழிந்த பெட்டிகள். பொருள் ஆர்டர் போடுவது, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் புதுப்பிப்பது, பழுதான கருவிக்கு ஆள் கூப்பிடுவது எல்லாம் ஏதோ ஒரு மாணவர் தலையில் விழும். பெரும்பாலும் மறுக்கத் தெரியாத மாணவர் தலையில். அவருடைய பிஎச்டி ஒரு வருடம் தள்ளிப்போனால் அதற்குக் காரணம் எங்கேயும் பதிவாகாது.

ஆய்வகப் பட்டியலிலேயே வராதவர்களும் உண்டு. கான்ஃபோக்கல், லைட்ஷீட் போன்ற கருவிகள் பொது நுண்ணோக்கி மையத்தில் இருக்கும், மணிக்கணக்கில் முன்பதிவு செய்து கட்டணம் கட்டிப் பயன்படுத்த வேண்டும். அங்கிருக்கும் நிபுணரைச் சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவை ராத்திரி முழுக்கப் படம் பிடிக்க எந்த லென்ஸ், எத்தனை நிமிடத்துக்கு ஒரு படம் என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நீங்களாகக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும். படமெடுத்தபின் டெராபைட் கணக்கில் தரவு குவியும். அதைப் பிரித்து ஒவ்வொரு செல்லையும் தொடர்ந்து பின்பற்ற நிரல் எழுதுபவர் ஒருவர் இப்போதெல்லாம் பல ஆய்வகங்களில் இருக்கிறார், இயற்பியலோ கணினியோ படித்துவிட்டு வந்தவராக. அவர் மீனைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவருக்கும் மீன் வைத்திருப்பவருக்கும் பேச்சுவார்த்தை இருந்தால் ஆய்வகம் பறக்கும்.

இதே வேலையை ஜான் சல்ஸ்டன் நிரல் இல்லாமல் கண்ணாலும் பென்சிலாலும் செய்தார். உருளைப்புழுவின் உயிருள்ள கருவை மைக்ராஸ்கோப்பில் வைத்து, தினம் இரண்டு வேளை, வேளைக்கு நாலு மணி நேரம், ஏறக்குறைய ஒன்றரை வருடம் பார்த்து, ஒவ்வொரு செல்லும் யாருக்குப் பிறந்தது என்று வரைந்து முடித்தார். முழு வம்சாவளி 1983-ல் வெளியானது. வளர்ந்த இருபால் புழுவில், இனப்பெருக்கச் செல்களை விட்டுவிட்டால், 959 செல்கள், வழியில் சாகும் செல்கள் 131. எல்லோருக்கும் அந்தப் பொறுமை வேண்டியதில்லை. ஆனால் ஒரே மாதிரி இருக்கும் கருக்களை மணிக்கணக்கில் பார்ப்பது உங்களுக்குச் சித்திரவதை என்றால் வேறு துறை பார்ப்பது புத்திசாலித்தனம். சேர்வதற்கு முன் இளங்கலை அல்லது முதுகலைத் திட்டப்பணியாக இரண்டு மூன்று மாதம் இருந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

நீங்கள் சேர்ந்தால் முதல் ஆறு மாதம் என்ன செய்வீர்கள்? வேறொருவரின் மீனையோ ஈயையோ பராமரிக்கக் கற்பீர்கள், ஏற்கெனவே வெளியான ஒரு முடிவைத் திரும்பச் செய்து பார்ப்பீர்கள், லேப் மீட்டிங்கில் பாதி புரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் பெயரில் தனித் திட்டம் இருந்தாலும் அது முதல் வருடத்திலேயே இரண்டு முறை மாறும். இதெல்லாம் சகஜம். சகஜமில்லாதது, முதல் ஆறு மாதமும் சொல்லித்தர ஆளில்லாமல் பழைய புரோட்டோகால் (செய்முறை) காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு திண்டாடுவது.

ஆகவே அந்தப் பட்டியலை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். முன்னாள் உறுப்பினர் வரிசையில், மாணவர்கள் எந்த வருடம் வந்து எந்த வருடம் போனார்கள், ஆளுக்கு ஒரு முதல் பெயர்க் கட்டுரையாவது இருக்கிறதா, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். எல்லோரும் பேராசிரியராகியிருக்க வேண்டியதில்லை. கம்பெனிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அறிவியல் எழுத்துக்கோ போனவர்களையும் அந்த ஆய்வகம் பெருமையாகக் குறிப்பிடுகிறதா என்று பாருங்கள். பட்டம் வாங்காமல் பாதியில் காணாமல்போன பெயர்கள் இரண்டு மூன்று இருந்தால் ஏன் என்று விசாரியுங்கள். லேப் மேனேஜரும் டெக்னீஷியனும் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பத்து வருடம் ஒருவர் தங்கியிருக்கிறார் என்றால் அந்தப் பிஐயோடு மனிதர்கள் காலம் தள்ள முடிகிறது என்று அர்த்தம்.

நேர்காணலுக்குப் போகும்போது, பிஐ இல்லாமல் மாணவர்களோடு அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் இது வழக்கமான ஏற்பாடுதான், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். “வேலை எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, முதல் இன்ஜெக்‌ஷனை அல்லது முதல் கிராஸை (இனக்கலப்பை) உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், சனி ஞாயிறில் மீனுக்கு யார் தீனி போடுகிறார்கள், கடைசியாக வந்த கட்டுரையில் பெயர் வரிசையை எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேளுங்கள்.